ஒத்தை கோப்பிபாட்ல நைட்ரஜன் ஐசோடோப்: சின்ன உடம்புக்கு மட்டும் ஏன் மதிப்பு கீழ போகுது?

மிதவை:
எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. என் வேலை கோப்பிபாட்ல, கடல்ல மிதக்கிற குட்டி ஓட்டு உயிரி, ஒண்ணோட உலர் எடை 2 மைக்ரோகிராம்லேர்ந்து 10 மைக்ரோகிராம் வரைக்கும்தான். வழக்கமா அம்பது நூறுன்னு அள்ளி ஒரே டின் கேப்ஸ்யூல்ல போட்டு எரிச்சு டெல்டா நைட்ரஜன்-15, டெல்டா கார்பன்-13 (கனமான ஐசோடோப்போட பங்கு ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்ளோ கூட, எவ்ளோ குறையன்னு சொல்ற எண், அலகு பெர்மில்) ரெண்டும் எடுப்போம், ஆனா அதுல கிடைக்கிறது சராசரி, எனக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா உணவுச் சங்கிலில எந்தப் படியில தின்னுதுன்னு தெரியணும், அதனால ஒத்தை ஒத்தையா 60 உயிரி ஓட்டினேன். கார்பன் எல்லாம் −21லேர்ந்து −22க்குள்ள வந்துச்சு. நைட்ரஜன்லதான் விஷயம், 10 மைக்ரோகிராம் உடம்பு 6.7 பக்கம், 2 மைக்ரோகிராம் உடம்பு 4 பக்கம், நடுவுல இருக்கிறது எல்லாம் வரிசையா இறங்குது. சின்னதுங்க பாசியை நேரா திங்குது, பெருசானதும் அடுத்த படிக்குப் போகுதுன்னு எடுத்துக்கலாமா? ஒரு படி ஏறினா நைட்ரஜன் மதிப்பு 3.4 பெர்மில் ஏறும்னு பொதுவா வைக்கிறாங்க, அதுக்கு இந்த 2.7 கிட்டத்தட்ட வருது. ஆனா நூறு உயிரி சேர்த்து ஓட்டினா 7.9 வருது, அதான் இடிக்குது.

ஓப்பன்_ஸ்ப்ளிட்:
உங்களுக்கு இடிச்சதே நல்ல அறிகுறி தம்பி. தனித்தனியா பாத்தா அதிகபட்சமே 6.7, ஆனா சேர்த்துப் பாத்தா 7.9, சராசரி எப்படி எல்லா உறுப்பையும்விடப் பெருசா இருக்கும்? இது தீனி இல்லை. ஒரு காரியம் பண்ணுங்க, எக்ஸ் அச்சுல உடம்பு எடையைப் போடாதீங்க, 1/பீக் ஏரியா (மெஷின் வரையிற வாயு முகட்டோட பரப்பு, அதாவது எவ்ளோ வாயு வந்துச்சுங்கிறது) போடுங்க. புள்ளிங்க நேர்கோட்டுல விழுந்தா, அந்தக் கோடு எந்த மதிப்பை நோக்கி ஓடுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.

மிதவை:
போட்டேன் சார். நேர்கோடுதான். பீக் சின்னதாக ஆக 0 பக்கமா போகுது. இடது பக்கம் நீட்டினா 8 கிட்ட அச்சுல முட்டுது.

ஓப்பன்_ஸ்ப்ளிட்:
0 பெர்மில்ங்கிறது என்ன? காத்துல இருக்கிற நைட்ரஜன். அளவுகோலே அதை வெச்சுத்தான், காத்து நைட்ரஜன் 0ன்னு வரையறை. உங்க ஒவ்வொரு சாம்பிள் கூடவும் கொஞ்சம் காத்து சேர்ந்து எரிஞ்சிருக்கு. பெரிய உடம்புல அது கரைஞ்சு போகும், சின்ன உடம்புல பாதிப் பங்கே அதுதான்.

கணக்கு போட்டுக் காட்டுறேன். 10 மைக்ரோகிராம் உடம்புல நைட்ரஜன் சுமார் 1 மைக்ரோகிராம், 2 மைக்ரோகிராம் உடம்புல 0.2. உண்மை மதிப்பு ரெண்டுக்கும் 8ன்னு வைங்க, பிளாங்க், அதாவது சாம்பிள் இல்லாம வெளியிலேர்ந்து வந்து சேர்றது, 0.2 மைக்ரோகிராம், அதோட மதிப்பு 0. பெருசுக்கு 1 பெருக்கல் 8, வகுத்தல் 1.2, வர்றது 6.7. சின்னதுக்கு 0.2 பெருக்கல் 8, வகுத்தல் 0.4, வர்றது 4. உங்க டேட்டா அப்படியே வந்துருச்சு, ஒரு கோப்பிபாட்டும் தீனியை மாத்தல.

தகரக்கிண்ணம்:
அந்த 0.2 மைக்ரோகிராம் எவ்ளோ காத்துன்னு யாரும் யோசிக்கிறதில்ல, அதனால சொல்றேன். ஒரு மைக்ரோலிட்டர் காத்துல நைட்ரஜன் மட்டும் கிட்டத்தட்ட 0.9 மைக்ரோகிராம் இருக்கு. அப்போ 0.2ங்கிறது பக்கத்துக்கு 0.6 மில்லிமீட்டர் இருக்கிற ஒரு பெட்டி அளவு காத்து. கேப்ஸ்யூலை மடிக்கும்போது மூலையில ஒரு மடிப்பு சரியா அமுங்கலேன்னா அதைவிட ஜாஸ்தி உள்ள நிக்கும். நான் புதுசா வர்ற பசங்களுக்கு மடிச்ச கேப்ஸ்யூலை மைக்ரோஸ்கோப் அடியில வெச்சுக் காட்டுவேன், வெளிய பாத்தா அழகா உருண்டையா இருக்கும், ஊசியால பிரிச்சா உள்ள குடை மாதிரி ஒரு பை, அதுக்குள்ள முழுக்கக் காத்து. உருட்டக் கூடாது. வாயை மூடி, பட்டையா அமுக்கி, கீழேர்ந்து மேல காத்தைத் தள்ளிட்டே வந்து, அப்புறமா மடிக்கணும். சின்ன வழுவழு சுவர் கேப்ஸ்யூல் வாங்குங்க, ரொம்பச் சின்ன சாம்பிளுக்கு பெரிய கேப்ஸ்யூல் வேணவே வேணாம், தகரம் எவ்ளோ குறையுதோ பிளாங்க் அவ்ளோ குறையும்.

மிதவை:
அக்கா நான் உருட்டித்தான் வெச்சேன், எல்லாமே. ஒரு சந்தேகம், கார்பன் சரியாத்தானே வந்திருக்கு? 60ல பெரிய வித்தியாசம் இல்லையே, அதையாவது வெச்சுக்கலாமா?

கணக்குப்புள்ள:
வெச்சுக்கக் கூடாது, கார்பன்தான் இதுல ரொம்ப ஏமாத்துறது. தகரத்துல ஒட்டியிருக்கிற எண்ணெய், கைபட்ட பிசுக்கு, தூசி எல்லாம் பொதுவா −25 சுத்துவட்டாரத்துல இருக்கும். உங்க உயிரி −21. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால கலந்தாலும் கண்ணுக்குத் தெரியல. சின்னதுங்க −22, பெருசு −21.2ன்னு ஒரு மெல்லிய சரிவு இருக்கான்னு பாருங்க, கண்டிப்பா இருக்கும்.

பிளாங்க்கை வெளிய இழுக்கணும்னா அதுகிட்டேர்ந்து ரொம்பத் தூரத்துல நிக்கிற ஸ்டாண்டர்ட் (மதிப்பு முன்னாடியே தெரிஞ்ச பொருள்) வேணும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தோட யூஎஸ்ஜிஎஸ் 40, யூஎஸ்ஜிஎஸ் 41ஏ ரெண்டுமே குளூட்டமிக் ஆசிட். 40ல கார்பன் −26.39, நைட்ரஜன் −4.52. 41ஏல கார்பன் +36.55, நைட்ரஜன் +47.55. கார்பன் பிளாங்க் 0.3 மைக்ரோகிராம், −25ன்னு வெச்சுட்டு 0.86 மைக்ரோகிராம் கார்பன் அளவுக்கு ரெண்டையும் ஓட்டினா 40 உங்களுக்கு −26.0 காட்டும், பாக்குறவங்க அருமைன்னு சொல்லிடுவாங்க, அதே நேரத்துல 41ஏ +20.6 காட்டும். 16 பெர்மில் விழுந்திருக்கு. ஒரே மெஷின், ஒரே நாள், ஒரே பிளாங்க். சின்ன சாம்பிள்ல 40ஐ மட்டும் ஓட்டி எல்லாம் சரின்னு எழுதின ரிப்போர்ட் நிறைய பாத்திருக்கேன், மனசு கேக்கல.

ரெண்டு ஸ்டாண்டர்டையும் அஞ்சாறு அளவுல ஓட்டி, டெல்டாவை 1/பீக் ஏரியாவுக்கு எதிரா போட்டா ரெண்டு கோடு கிடைக்கும். ரெண்டும் ஒரு இடத்துல வெட்டிக்கும். வெட்டுற இடத்தோட உயரம் பிளாங்க்கோட டெல்டா, அந்த இடத்து ஏரியா பிளாங்க்கோட அளவு. காலி கேப்ஸ்யூலை ஓட்டிப் பிளாங்க் எடுக்கிறதைவிட இது நம்பிக்கையானது, ஏன்னா காலி கேப்ஸ்யூல் பீக் அவ்ளோ சின்னதா இருக்கும், அதோட டெல்டாவை மெஷினால ஒழுங்கா படிக்கவே முடியாது.

மிதவை:
ஆனா 0.2 மைக்ரோகிராம் நைட்ரஜன் வேணும்னா குளூட்டமிக் ஆசிட் 2 மைக்ரோகிராம் எடை போடணும். எங்க தராசு கடைசி இலக்கமே 1 மைக்ரோகிராம்.

தகரக்கிண்ணம்:
எடை போடாதீங்க. 10 மில்லிகிராம் எடுத்து 10 மில்லிலிட்டர் சுத்தமான தண்ணில கரைங்க, அப்போ ஒரு மைக்ரோலிட்டர்ல 1 மைக்ரோகிராம். குளூட்டமிக் ஆசிட்ல நைட்ரஜன் 9.5 சதவீதம், 2.1 மைக்ரோலிட்டர் ஊசியால விட்டா 0.2 மைக்ரோகிராம் நைட்ரஜன். அவன்ல மெதுவா காய வைங்க, 60 டிகிரி போதும். கரைசலை அன்னன்னைக்கே புதுசா போடணும், வெளிய வெச்சா கிருமி வளரும், கிருமி வளர்ந்தா டெல்டா மாறும். வெறும் தண்ணி மட்டும் அதே அளவு விட்டுக் காயவெச்ச கேப்ஸ்யூலும் வரிசையில சேருங்க, தண்ணியிலேர்ந்து என்ன வருதுன்னு தெரியணும்ல.

41ஏ கிடைக்கிறது கஷ்டம், கொஞ்சூண்டுதான் தருவாங்க. பிளாங்க் பாக்குறதுக்கு மட்டும்னா உங்க லேப்லயே செறிவூட்டின அமினோ ஆசிட் ஒண்ணைக் கலந்து வெச்சுக்கோங்க, கடைசி நாள் ஓட்டத்துக்கு அசலை எடுங்க.

சுண்ணாம்புக்கூடு:
நான் ஃபொராமினிஃபெரா (சுண்ணாம்பு ஓடு கட்டுற ஒத்தைச் செல் கடல் உயிரி) ஆளு, ஒத்தை ஓட்டுல ஆக்ஸிஜன் கார்பன் ரெண்டும் எடுக்கிறோம், 20 மைக்ரோகிராம் கால்சைட் இருந்தா பாஸ்பாரிக் ஆசிட்ல 70 டிகிரில கரைச்சு வர்ற கார்பன் டை ஆக்சைடை திரவ நைட்ரஜன்ல உறைய வெச்சு நேரா உள்ள விடுறோம். எங்களுக்கு ஹீலியம் இல்லை, டின் இல்லை, எரிக்கிறதும் இல்லை, அதனால பிளாங்க் ரொம்பக் கம்மி. ஆனா எங்களுக்கு வேற தொல்லை, வாயு கம்மியாகி அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழ இறங்கினா கேப்பில்லரில (மெஷினுக்கு வாயு போற மெல்லிய குழாய்) ஓட்டமே மாறிடும், மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு மோதுறதைவிடச் சுவர்ல மோதுறது ஜாஸ்தியாகி லேசானது முந்திட்டு ஓடிரும். அப்போ சின்ன சாம்பிள்ல மதிப்பு நகர்றதுக்குப் பிளாங்க் மட்டும்தான் காரணம்னு எழுதிடாதீங்க, மெஷினையும் பாருங்க.

ஓப்பன்_ஸ்ப்ளிட்:
சுண்ணாம்புக்கூடு சொல்றது முக்கியமான விஷயம், அதைப் பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ரெஃபரன்ஸ் கேஸ் பல்ஸ் (ஒப்பிடுறதுக்கு விடுற வாயு) எரிப்பான் வழியா வர்றதில்ல, நேரா ஓப்பன் ஸ்ப்ளிட்டுக்கு (வாயு ஓட்டத்துல கொஞ்சத்தை மட்டும் அளக்கிற மெஷினுக்கு எடுக்கிற திறந்த இணைப்பு) வருது. அதே ரெஃபரன்ஸ் கேஸை பெரிய பீக்லேர்ந்து உங்க சின்ன கோப்பிபாட் பீக் அளவு வரைக்கும் படிப்படியா விடுங்க. டெல்டா நகராம நின்னா அயனி மூலம் (மெஷின்ல வாயுவை அயனியாக்குற இடம்) ஒழுங்கா இருக்கு, சரிவு முழுக்க கேப்ஸ்யூல், எரிப்பான் இருக்கிற முன்னாடி பக்கத்துலேர்ந்து வருது. நகர்ந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும், ரெண்டு தப்பையும் ஒரே திருத்தத்துல அள்ளிப் போட்டா எதுவும் நிக்காது.

இன்னொண்ணு, பேஸ்லைன், அதாவது பீக்குக்கு அடியில வரையிற கோடு. சின்ன பீக்ல பீக் எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு சாஃப்ட்வேர் வைக்கிற கோடு ரெண்டு மூணு செகண்ட் தள்ளினாலே மதிப்பு ஆடும். கார்பன் டை ஆக்சைடுல நிறை 45 பீக் (கனமான கார்பன் உள்ளது) நிறை 44ஐவிட ஒரு நூல் முன்னாடி வெளிய வரும், ஓரத்தை வெட்டினா ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்படும். ஒவ்வொரு பீக்கையும் கண்ணால பாருங்க, 60தானே. நைட்ரஜனுக்கு நிறை 28ல கார்பன் மோனாக்சைடும் வந்து உக்காரும், எரிப்பு முழுசா நடக்கலேன்னா அதுவும் சேர்ந்துடும்.

மண்வாசம்:
நடுவுல ஒரு கேள்வி. மெஷினோட உண்மையான எல்லைதான் என்ன? எல்லாரும் 20 மைக்ரோகிராம் நைட்ரஜன் வேணும், 50 வேணும்னு சொல்றாங்க, மாஸ் ஸ்பெக் (ஐசோடோப்பை நிறை வாரியா பிரிச்சு அளக்கிற மெஷின்) அவ்ளோ கேக்குதா?

கணக்குப்புள்ள:
கேக்கவே கேக்காது. கார்பனை எடுத்துக்கலாம். 0.1 பெர்மில் துல்லியம்னா பத்தாயிரத்துல ஒண்ணு. எண்ணிக்கைப் பிழை வர்க்கமூலத்துல போறதால கார்பன்-13 அயனி 10 கோடி எண்ணணும். சுமாரா ஆயிரம் மூலக்கூறு உள்ள போனா ஒண்ணு அயனியா டிடெக்டர்ல விழும்னு வைங்க, அப்போ பத்தாயிரம் கோடி கார்பன்-13 மூலக்கூறு. மொத்தக் கார்பன்ல கார்பன்-13 1.1 சதவீதம், அதனால மொத்தம் சுமார் 9 லட்சம் கோடி மூலக்கூறு, மோல்ல சொன்னா 15 பிக்கோமோல். கார்பனா 0.2 நானோகிராமுக்கும் கம்மி!

அப்புறம் மீதி எங்க போகுது? எரிப்பான்ல ஹீலியம் நிமிஷத்துக்கு 90 மில்லிலிட்டர் ஓடுது, மாஸ் ஸ்பெக் குடிக்கிறது 0.3. முந்நூறுல ஒரு பங்கு உள்ள போகுது, மீதி 299 பங்கு ஓப்பன் ஸ்ப்ளிட்ல வெளிய போயிடுது. கஷ்டப்பட்டு வலை போட்டுப் பிடிச்சு, கழுவி, ஒத்தையா பொறுக்கி எடுத்த உயிரில 299 பங்கை அறைக்காத்துல விடுறோம், எனக்கு இதை நினைச்சாலே வயிறு எரியும்.

ஓப்பன்_ஸ்ப்ளிட்:
அதுக்குத்தான் நானோ இஏன்னு (ரொம்பச் சின்ன சாம்பிளுக்கான எரிப்பான், எலிமென்டல் அனலைசர்) சொல்ற அமைப்பு. எரிஞ்சு வர்ற வாயுவை உறைபொறில பிடிச்சு வெச்சு, அப்புறம் நிமிஷத்துக்கு ஓரிரு மில்லிலிட்டர் ஓட்டத்துல மெதுவா விடுறது. ஓட்டம் குறைஞ்சதும் மாஸ் ஸ்பெக் குடிக்கிற பங்கு பல மடங்கு ஏறும். 2009லயே இந்த முறையில 25 நானோமோல் நைட்ரஜன், 41 நானோமோல் கார்பன் வரைக்கும் 1 பெர்மில் துல்லியத்துல காட்டிட்டாங்க. 25 நானோமோல்னா 0.35 மைக்ரோகிராம் நைட்ரஜன், மிதவையோட மூணரை மைக்ரோகிராம் கோப்பிபாட் ஒண்ணு. அதாவது செய்யக்கூடிய காரியம்தான். ஆனா அதுலயும் எல்லையைத் தீர்மானிக்கிறது சிக்னல் இல்லை, பிளாங்க். சிக்னலைப் பத்து மடங்கு ஏத்தினா பிளாங்க்கும் கூடவே பத்து மடங்கு ஏறும், விகிதம் அப்படியேதான் நிக்கும்.

மண்வாசம்:
அப்போ காத்தோட சண்டையே போடாத ஒரு வழி சொல்றேன். நாங்க மண் சாற்றுல நைட்ரேட் அளக்கிறோம், நைட்ரஸ் ஆக்சைடை அடுத்த படிக்கு உடைக்கத் தெரியாத பாக்டீரியாகிட்ட கொடுத்தா நைட்ரேட் முழுக்க நைட்ரஸ் ஆக்சைடா வந்து நிக்கும், அதை அளக்கிறோம். 10லேர்ந்து 20 நானோமோல் போதும். அழகு என்னன்னா காத்துல நைட்ரஜன் 78 சதவீதம், நைட்ரஸ் ஆக்சைடு வெறும் 0.34 பிபிஎம், பத்து லட்சத்துல 0.34 பங்கு. கொஞ்சம் காத்து உள்ள போனாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. கோப்பிபாட்டைப் பெர்சல்ஃபேட் போட்டு ஆக்சிஜனேற்றம் பண்ணினா உடம்பு நைட்ரஜன் நைட்ரேட்டா மாறும், அப்புறம் பாக்டீரியா.

மிதவை:
அப்படின்னா கார்பன் போயிடுமே?

மண்வாசம்:
போயிடும். ஒரே உடம்பு, ஒரு தடவைதான். ரெண்டும் ஒரே உயிரிலேர்ந்து வேணும்னா எரிப்பான்தான் வழி. நைட்ரஜன் மட்டும் போதும்னா இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பெர்சல்ஃபேட்லயே நைட்ரஜன் அழுக்கு இருக்கும், அதை மறுபடி மறுபடி படிகமாக்கிச் சுத்தம் பண்ணணும், அதுவும் பிளாங்க்தான், ஆனா எல்லாக் குப்பிலயும் ஒரே அளவு இருக்கும், காத்துக் குமிழி மாதிரி ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லாமப் போகாது. இந்த வித்தியாசம் பெருசு.

கணக்குப்புள்ள:
மண்வாசம் தொட்டது கரெக்ட்டான இடம். பிளாங்க் பெருசா இருக்கிறதைவிட ஆடுறதுதான் கெடுக்கும். மிதவையோட 0.2 பிளாங்க் கேப்ஸ்யூலுக்குக் கேப்ஸ்யூல் 0.05 கூடக் குறைய ஆடினா, திருத்தின பிறகு 8ன்னு வரவேண்டியது 6.4லேர்ந்து 10.7 வரைக்கும் எங்க வேணா நிக்கும். அதை வெச்சு எந்தப் படின்னு சொல்ல முடியாது. அதே பிளாங்க் 0.03ஆ இறங்கி 0.01 ஆடினா பிழை 0.4 அளவுதான். அதனால இப்ப இருக்கிற 60 டேட்டாவைத் திருத்தி மீட்கப் பாக்காதீங்க தம்பி, பெரிய உடம்புங்க மட்டும் தேறலாம்.

இன்னொண்ணு, ஒத்தை உயிரில ரிப்பீட் கிடையாது. அப்போ பிழைக்கோடு எங்கேர்ந்து வரும்? அதே அளவுக்கு, அதே கேப்ஸ்யூல்ல, அதே மாதிரி மடிச்சு, அதே நாள் ஓட்டின ஸ்டாண்டர்ட்லேர்ந்துதான் வரணும். பெரிய ஸ்டாண்டர்ட்ல கிடைச்ச 0.2 பெர்மிலைச் சின்ன சாம்பிளுக்கும் எழுதுறது பெரிய தப்பு.

தகரக்கிண்ணம்:
மிதவை, பிளாங்க்கைத் தேடுறதுக்கு ஒரு வரிசை வெச்சுக்கோங்க. முதல்ல கேப்ஸ்யூலும் போடாம ஆக்ஸிஜனும் விடாம ஓட்டுங்க, அதுல நிறை 28 (நைட்ரஜன்) பீக் வந்தா லீக். ஆர்கானை ஒவ்வொரு இணைப்பு மேலயும் லேசா ஊதிட்டே நிறை 40ஐ (ஆர்கானோட பீக்) பாருங்க, எங்க துள்ளுதோ அங்க முறுக்குங்க. அப்புறம் ஆக்ஸிஜன் மட்டும் விட்டு ஓட்டுங்க, அதுல வர்றது ஆக்ஸிஜன் சிலிண்டர்ல இருக்கிற நைட்ரஜன், சின்ன சாம்பிளுக்கு அவ்ளோ ஆக்ஸிஜன் தேவையே இல்ல, டோஸைக் குறைங்க. கடைசியா காலி கேப்ஸ்யூல். சாம்பிளரை மூடி ஹீலியம் நல்லா நேரம் விட்டுக் கழுவுற வகைன்னா ராத்திரி முழுக்க விடுங்க. டின்னைச் சுட்டுச் சுத்தம் பண்ண முடியாது, 232 டிகிரிலயே உருகிடும், கரைப்பான்ல கழுவிக் காயவைங்க. வெள்ளிக் கேப்ஸ்யூல்னா 500 டிகிரில சுடலாம். கையுறை போட்டாலும் கேப்ஸ்யூலை விரலால தொடாதீங்க, சாமணம் மட்டும்தான், சாமணத்தையும் நடுவுல துடைச்சிட்டே இருங்க.

மிதவை:
மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

ரெஃபரன்ஸ் கேஸ் பல்ஸ் சின்ன அளவு வரைக்கும் நகரவே இல்ல, அப்போ அயனி மூலம் சரி. பழைய மாதிரியே உருட்டின கேப்ஸ்யூல்ல குளூட்டமிக் ஆசிட் 0.2 மைக்ரோகிராம் நைட்ரஜன் அளவுக்கு ஓட்டினேன், 41ஏ 47.55க்குப் பதிலா 23 சொச்சம், 40 −4.52க்குப் பதிலா −2.2. அந்த 23ஐ ஸ்கிரீன்ல பாத்தப்போ கொஞ்ச நேரம் எழுந்திரிக்கல. ரெண்டு கோடும் வெட்டின இடம் 0 பக்கம், அளவு 0.2 பக்கம், ஓப்பன்_ஸ்ப்ளிட் சார் பேப்பர்ல போட்ட கணக்கு அப்படியே. கார்பன் கோடுங்க −25 கிட்ட வெட்டுச்சு.

அக்கா சொன்ன வரிசையில போனேன். சாம்பிளர் மூடி வளையம் தேஞ்சு போயிருந்துச்சு, ஆர்கான்ல நிறை 40 துள்ளுச்சு, மாத்தினேன். ஆக்ஸிஜன் டோஸ் பாதியாக்கினேன். சின்ன கேப்ஸ்யூல், கழுவினது, பட்டையா அமுக்கினது. இப்போ நைட்ரஜன் பிளாங்க் 0.03, கேப்ஸ்யூலுக்குக் கேப்ஸ்யூல் 0.01க்குள்ள.

அதே வலைவீச்சுல உறைய வெச்சிருந்த மீதி உயிரிங்க 40 ஓட்டினேன். திருத்தினதுக்கு அப்புறம் பெருசு 8.1, சின்னது 7.3. வித்தியாசம் 0.8, சின்னதோட நிச்சயமின்மை 0.5. ஏதோ இருக்கலாம், அடிச்சுச் சொல்ல இந்த 40 பத்தாது. 3 மைக்ரோகிராமுக்குக் கீழ இருக்கிறதை மூணு மூணா சேர்த்து ஓட்டலாம்னு இருக்கேன், தனித்தனின்னு ஆசைப்பட்டது அந்த அளவுல மட்டும் நடக்காது. பழைய 60ஐ முழுக்க எடுத்துட்டேன்.

கணக்குப்புள்ள:
மூணு மூணா சேர்க்கிறது சரியான முடிவு. பிளாங்க் டேட்டா மொத்தமும், ஸ்டாண்டர்ட் ரெண்டும் எல்லா அளவுலயும், கட்டுரையோட இணைப்புல போடுங்க, திருத்தினது மட்டும் போதாது, திருத்தாததையும் பக்கத்துலயே வைங்க.

மிதவை:
போடுறேன்ங்க. சேர்க்கும்போது ஒரே அளவு உடம்புங்களா பொறுக்கணுமா, இல்ல எடுத்த வரிசையிலயே மூணா?

தகரக்கிண்ணம்:
ஒரே அளவு, ஒரே பருவம். பொறுக்கி முடிச்சதும் சுத்தத் தண்ணில முக்கி எடுங்க, உப்பு கேப்ஸ்யூலுக்குள்ள வரக் கூடாது. மடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணைப் படம் எடுத்துப் போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.